காலியாக விட முடியாத கட்டம்

எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கழுத்து வலி. வலி இல்லாதவரைப் பார்த்தால் அவர் வேலையே செய்யவில்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன். காவல் நிலையத்து வழக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, சிறைப் பதிவு மூன்றும் ஒரே கணினியில் தெரிய வேண்டும் என்று திட்டம் வந்தபோது, பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்ய ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அரியாங்குப்பம் பாலத்து நெரிசலைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போயிருக்கும். மீதியைத் திரை எடுத்துக்கொள்ளும்.

பதிவேட்டில் வழக்கு எண், குற்றம் சாட்டப்பட்டவர் பெயர், தெரு எல்லாம் ஒழுங்காக இருக்கும். தீர்ப்பு என்ன ஆனது என்ற பத்தியில்தான் பல பக்கங்களுக்கு ஒன்றுமே இருக்காது. தீர்ப்பு வந்ததும் நீதிமன்றத்திலிருந்து நிலையத்துக்கு ஒரு சீட்டு போக வேண்டும், அதைப் பார்த்து அங்கே இருக்கும் எழுத்தர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எந்தச் சீட்டு எந்த அலமாரியில் தூங்கியதோ, யாருக்குத் தெரியும். கணினியோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. மேற்பார்வையாளரிடம் கேட்டோம்.

"நிலுவைன்னு போட்டுட்டுப் போம்மா. அப்புறம் திருத்திக்கலாம்" என்றார்.

போட்டோம். சனிக்கிழமைகளில் இன்னும் வேகமாகப் போட்டோம், ஏனென்றால் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். யார் எவ்வளவு ஏற்றினார்கள் என்று சுவரில் தாள் ஒட்டுவார்கள். என் எண் மேலே வந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மேற்பார்வையாளர் சொன்ன 'அப்புறம்' மட்டும் வரவேயில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

என் ஒப்பந்தம் ஆறு மாதம் ஆறு மாதமாக நீண்டது. ஒருநாள் அதிகாரிகள் கூட்டம் நடந்தது, மடிக்கணினியில் படங்களை நகர்த்துவது என் வேலை. எங்கள் பதிவுகளை வைத்து வரைபடம் ஒன்று தயாரித்திருந்தார்கள். நிலுவை வழக்கில் இருப்பவர்கள் அதிகம் வசிக்கும் தெருக்களுக்குச் சிவப்பு நிறம். ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்னத் தெரு அடிபட்டு ரத்தம் கட்டிய இடம் மாதிரி இருந்தது. அங்கே ரோந்தைக் கூட்ட வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று பேசினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தத் தெருவிலிருந்துதான் ஒருவர் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, துவைத்து வெளிறிய சட்டை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தீர்ப்பு நகல். தனியார் பள்ளியொன்றில் அவருக்கு வேன் ஓட்டுநர் வேலை கிடைத்திருந்தது. காவல்துறை சரிபார்ப்பில் 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று வந்துவிட்டது. பள்ளி திறப்பதற்குள் அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை.

"பதினெட்டு வயசுல வாலிபால் மேட்ச்சுல நடந்த சண்ட, மேடம். ஒன்பது பேர் மேல கேஸ். எல்லாருக்கும் விடுதலைன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு. அன்னிக்கு ஒன்பது பேரும் ஒண்ணா போய் பிரியாணி சாப்ட்டோம். இப்ப இன்னும் கேஸ் நடக்குதுன்னு சொல்றாங்க."

நிலையத்தில் கேட்டால் நீதிமன்றம் தகவல் அனுப்பவில்லை என்றார்களாம். நீதிமன்றத்தில் கேட்டால் அப்போதே அனுப்பியாகிவிட்டது என்றார்களாம். கடைசியில் யாரோ எங்கள் அறையைக் காட்டியிருக்கிறார்கள். உட்காரச் சொல்லிவிட்டு அவர் பதிவைத் திறந்தேன். அடியில் ஏற்றியவரின் எண் இருந்தது. என் எண். தேதியைப் பார்த்தேன், சனிக்கிழமை.

திரையை அவர் பார்க்காதபடி என் பக்கம் திருப்பிக்கொண்டேன். திருத்தக் கோரும் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் மூன்றுதான் இருந்தன: நீதிமன்றத் தகவல் தாமதம், விண்ணப்பதாரர் தவறு, தொழில்நுட்பக் கோளாறு. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்றியவரின் தவறு என்று ஒன்று அங்கே இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒப்புதல் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் பள்ளி திறந்து, வேனுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அவர் மறுபடி வந்தபோது சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். ஒரு கவரில் ஆறு வாழைப்பழங்களை மேசைமேல் வைத்தார்.

"வேல போனா போவுது மேடம். பேரு சுத்தமாச்சே. மத்த எடத்துலலாம் நிக்க வெச்சேதான் பேசனாங்க. நீங்கதான் உக்காரச் சொன்னீங்க."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "அத நிலுவைன்னு போட்டதே நான்தான்" என்றேன். கட்டம் காலியாக இருந்தால் நகராது என்பதையும், சனிக்கிழமைகளையும் சொன்னேன். தப்பித்துக்கொள்ளச் சொல்வது போலவே என் காதுக்குக் கேட்டது.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மத்த எட்டு பேரு?"

"அவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொருத்தரும் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"எங்க தெருவுல போலீஸ்காரங்க வண்டிய நிறுத்தி நிறுத்திக் கேக்குறாங்க மேடம். வேலைக்குப் போற நேரத்துல எல்லாரும் ஆதாரைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறோம். அதுவும் இதனாலயா?"

அந்தச் சிவப்புத் தெருவை நான் மறக்கவில்லை. "இதனாலயும்தான்" என்றேன். அவர் எழுந்து போனார். பழங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைச் சாப்பிட எனக்கும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் எட்டு பேரை அவரே கூட்டிக்கொண்டு வந்தார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவர் கையில் வெள்ளையடித்த சுண்ணாம்பு கூடக் காயவில்லை. இந்த முறை படிவத்தின் அடியில், யாரும் எழுதாத குறிப்பு வரியில், 'ஏற்றியவரின் தவறு' என்று எழுதி என் எண்ணையும் போட்டேன். அடுத்த ஆறு மாதம் எனக்கு வேலை இருக்குமா என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. ஒவ்வொருவராக விரலைக் கருவியில் வைத்தார்கள், ஏழு படிவங்கள் ஏறின.

எட்டாவதாக வந்தது ஒரு பெண். கையில் கணவருடைய இறப்புச் சான்றிதழ்.

"அவரு போயி மூணு வருஷம் ஆவுது. இருந்தாலும் மாத்திக் குடுங்க மேடம். கேஸு இருக்கற ஆளாவே செத்தாருன்னு எழுதியிருக்க வேணாம்."

எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் விண்ணப்பதாரர் கைரேகை என்ற கட்டம், வழக்கில் பெயர் உள்ளவரின் ரேகைதான் அதில் ஏறும். காலியாக விட்டுப் பார்த்தேன், நகரவில்லை. அந்தப் பெண் கேட்காமலேயே தன் கட்டைவிரலைக் கருவியில் வைத்தார். பொருந்தவில்லை என்று வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பொருந்தாது என்று தெரிந்தே, புடவையில் விரலைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வைக்கச் சொன்னேன்.