கைத்துவக்குக்கு ஒரு சுவர்

எனக்குத் துவக்கென்றால் ஆசை. அதற்கு எவனுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வயல் வட்டையில் பன்றிக்கு வெடி வைக்கும் இரட்டைக்குழலும், மருந்து இடித்துச் சுடும் பழசு ஒன்றும் என்னிடம் இருந்தன. கைத்துவக்கு மட்டும் இல்லை. சீமைக்குத் திரும்பவிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் அது கிடைத்தது. கொண்டியை அமத்தினால் நடுவில் மடிந்து, குழல் முன்னால் தொங்கும். அரசாங்கக் கச்சேரியில் லைசன்ஸ் தர இழுத்தடித்தார்கள். சத்தம் போட்டுத்தான் வாங்கினேன்.

எங்கள் ஊர் ஆரையம்பதிக்கு வந்ததும் முன்னறைச் சுவரில் ஆணி அடித்தேன். அங்கேதான் காரியம் பிழைத்துப் போனது.

"மச்சான், ஆரக் கேட்டு ஆணி அடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"என்ர துவக்கு. ஆரக் கேக்கணும்?"

"துவக்கு உங்கட. சுவர் என்ர."

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். அவள் தாய் சீதனமாகக் கொடுத்த வீடு அது. உடுத்தும் சாரம் ஒன்றில் துவக்கைச் சுற்றிக்கொண்டு நான் பிறந்த வீட்டுக்குப் போனேன். அது இப்போது தங்கச்சியின் வீடு.

அவள் சிரித்தாள். "மச்சாள் கலைச்சிட்டாவா? சோறு தின்னுங்க அண்ணன். அத மட்டும் இஞ்ச வைக்கேலாது. மடிச்ச உடன குண்டு போடுற சாமானாம்."

வயலில் உள்ள வாடிக் குடிசையில் வைத்தால் கள்ளன் கொண்டுபோவான். விற்றுத் தொலைப்போமா என்றுகூட நினைத்தேன். எரிச்சலோடு திரும்பி வந்து, பாயில் உட்கார்ந்து அதைத் துடைத்தேன்.

"கொண்டாங்க, பாப்பம்," என்றாள் மனைவி.

மருந்தில்லாத வெறும் குண்டுக் கோதுகளைப் போட்டுக் கொடுத்தேன். அவள் கொண்டியை அமத்தி மடித்தாள். கோதுகள் எல்லாம் துள்ளி அவள் மடியில் விழுந்தன. பொறுக்கிப் போட்டு மறுபடி மடித்தாள். நான் கையை நீட்டியும் தரவில்லை.

"தவளைக் குஞ்சு மாதிரிப் பாயுது. சரி, சுவரில கொளுவுங்க. ஆனா குண்டு இந்த வீட்டுக்குள்ள வரப்படா."

தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். "துவக்கில்லாத குண்டு என்ன செய்யும்? தாங்க," என்று வாங்கித் தன் பெட்டகத்தில் பூட்டினாள்.

ஆக, கைத்துவக்கால் ஒரு வெடி சுட வேண்டுமென்றால் நான் இரண்டு வீட்டில் இரண்டு பெண்களைக் கேட்க வேண்டும். இதுவரை கேட்கவில்லை. உப்புக் காற்றில் கறள் பிடிக்காமல் தையல் மெசின் எண்ணெய் பூசுகிறேன். பூசி முடிந்ததும் மனைவி வந்து மடித்துப் பார்க்கிறாள். அவளுடைய சுவரில், என் துவக்கு தொங்குகிறது. எனக்கு அது போதும்.