மேட்டூர் தண்ணி என்றால் விடுவேனா?

ஆடி மாதம், விடிகாலை ஐந்து மணிக்குப் பென்னாகரத்தில் பஸ் ஏறினேன். தர்மபுரி, சேலம் என்று மாறி மாறி, மயிலாடுதுறையில் மகள் வீட்டை அடையும்போது மாலையாகிவிட்டது. ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்களுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுப்பது என் தொழில். வெள்ளம் வந்தால் அருவிப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள், என் அடுப்புக்கும் லீவு. அந்த லீவில்தான் ஒரு வழக்கைத் தீர்க்கக் கிளம்பினேன்.

வழக்கு சம்பந்தியம்மாவோடு. "மேட்டூர் தண்ணி வந்தாத்தான் எங்களுக்கு நடவு" என்று கல்யாணத்தன்று சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேட்டூருக்கே எங்க ஊரத் தாண்டித்தானுங்க வரணும்! ஒகேனக்கல் தண்ணின்னு சொல்லுங்க. எங்க ஆறு போயி முட்டுனா கடலே பின்னால போவும்" என்றேன். அவர் சிரித்தார். அவர் வாயால் ஒகேனக்கல் என்று சொல்ல வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான், மகள், சம்பந்தியம்மா மூவரும் பூம்புகார் பஸ் பிடித்தோம். இருபத்து நான்கு கிலோமீட்டரும் பச்சை வயல்கள். இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தோம். பக்கத்தில் செந்நிறத் தண்ணீர் ஓடியது.

"இந்த வாய்க்கா எங்க போவுது?" என்று கேட்டேன்.

மகள் என் கையைக் கிள்ளினாள். "அம்மா, இதுதான் காவேரி."

பாறையைப் பிளந்துகொண்டு இறங்கும் எங்கள் ஆறா இது? சம்பந்தியம்மா சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

முகத்துவாரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அம்மாடி, அங்கேருந்தா! வர்ற வழியெல்லாம் வயலுக்கு ஊட்டிட்டு, மிச்சத்த எங்க கடலுக்கும் கொண்டாருது பாருங்க. இந்தப் புதுத்தண்ணி விழுந்தாத்தான் எங்களுக்கு எறாலு" என்று கூடையைச் சாய்த்துக் காட்டினார். இறால்கள் துள்ளின.

கடல் ஓரடிகூடப் பின்வாங்கவில்லைதான். ஆனாலும் ஆறு கலந்த இடத்தில் அதன் நிறம் மாறியிருந்தது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊருக்கெல்லாம் போட்டுட்டு இளைச்சு வந்திருக்குதுங்க எங்க ஆறு" என்றேன்.

சம்பந்தியம்மா குனிந்து, இரு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"வாடிம்மா, ஒகேனக்கல் தண்ணி வந்திருக்கு. தலையில தெளிச்சுக்க."

"அப்படிச் சொல்லுங்க சம்பந்தி!" என்று கத்தினேன். மீனவர் வலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அன்று மதியம் சம்பந்தியம்மா வீட்டு அடுப்பில் இறால் குழம்பு வைத்தது நான்தான்.