வேலம்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓ.பி.

சனிக்கிழமை காலை. சென்னை சென்ட்ரலில் கோவை வண்டி ஏறும்போதே, திருப்பூருக்கு மறுப்புச் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு செய்திருந்தேன். மண்டை, முகம், தாடை எலும்புகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையில் ஓராண்டு ஃபெல்லோஷிப் முடித்திருந்தேன். அதற்கப்புறம் எங்கே போவது என்பதில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பேராசிரியர் வெளிநாட்டில் இன்னொரு வருடம் படி என்றார். தோழி மருத்துவக் கல்லூரியில் சேரச் சொன்னாள். சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை, மூக்கையும் தாடையையும் அழகுபடுத்தும் பிரிவில் இடம் தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான். திருப்பூர் வேலம்பாளையத்திலிருந்து அழைத்த சின்ன மருத்துவமனையை நேரில் பார்த்து, மரியாதையாக ‘முடியாது’ சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

நானூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம், மதியம் திருப்பூர். நிலையத்திலிருந்து வேலம்பாளையத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

“ஏனுங்க, வேலைக்கு வந்திருக்கீங்களா?” என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன். “டெய்லருங்களா, செக்கிங்குங்களா?”

“தையல்தான்” என்றேன். பொய்யில்லையே.

“அப்பக் கவலையே இல்லீங்க. டெய்லர் கெடைக்காமத்தான் கம்பெனிக்காரங்க அலையறாங்க” என்று தைரியம் சொல்லி இறக்கிவிட்டார்.

மருத்துவமனைக் கூடத்தில் ஈ, காக்கா இல்லை. மறுப்பது சுலபம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மருத்துவமனையை நடத்தும் டாக்டர் சுப்பிரமணியம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“இன்னிக்குச் சம்பள நாளுங்க. பனியன் கம்பெனியில ஒருத்தரும் லீவு போடமாட்டாங்க. நாளைக்குக் காத்தால பாருங்க” என்றார். ஆபரேஷன் தியேட்டரைக் காட்டினார். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருந்தார்; இதை நான் எதிர்பார்க்கவில்லை. “உங்களாட்டப் படிச்சவங்க கோயமுத்தூரு, ஈரோடு, சேலம்னு ஊருக்கு ஒரு நாள் போயிட்டு வர்றாங்க. அதுதான் தோதுன்னா, மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வந்தாலும் போதுமுங்க” என்றார் சுப்பிரமணியம்.

சென்னையும் கையில் இருக்கும், இதுவும் இருக்கும். எனக்கு இது வசதியாகவே பட்டது.

ஞாயிறு காலை. கூடத்தில் உட்கார இடமில்லை. கொங்குத் தமிழ், தெக்கத்தித் தமிழ், இந்தி எல்லாம் கலந்த இரைச்சல். தாராபுரம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கன்ன எலும்பு நொறுங்கியவர், வாய் முழுதாகத் திறக்காத ஒரு பெண் என்று வரிசையாக வந்தார்கள். படித்த படிப்புக்கு இவ்வளவு வேலையா என்று குஷியில் சாப்பாட்டையே மறந்தேன்.

மதியத்துக்குமேல் அந்தோணியும் ரீட்டாவும் பத்து மாதப் பெண் குழந்தையோடு வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம், இங்கே பவர்டேபிளில், மின் தையல் மெஷின் வரிசையில், தைக்கிறார்கள். சேர்ந்து உட்கார்ந்து ஆர்டர் முடிக்கும் குழு அது. ஒருவர் வராவிட்டால் துணி அங்கேயே தேங்கிவிடும். அதனால் ஆபரேஷன் தேதி முடிவு செய்ய டேபிளில் தைக்கும் இன்னும் நான்கு பேரும் கூடவே வந்திருந்தார்கள்.

குழந்தைக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. உதட்டை ஊர்ப்பக்கம் தைத்தாயிற்று. அண்ணத்தைச் சீக்கிரம் மூடாவிட்டால் பேச்சு மூக்கால் வரும். அடுத்தடுத்து என்னென்ன என்று விளக்கினேன்: இப்போது அண்ணம், பிறகு பேச்சுப் பயிற்சி, எட்டு ஒன்பது வயதில் ஈறில் எலும்பு வைப்பது, வளர்ச்சி நின்றபின் மூக்கு, தேவைப்பட்டால் தாடை.

ஒவ்வொன்றுக்கும் அந்தோணி விவரம் தெரிந்தவர்போலத் தலையாட்டினார். “அப்ப அடுத்த எடத்துக்கு இப்பமே டி.சி. போட்டுக் குடுத்துருங்கம்மா” என்றார்.

இந்த ஊரில் நூல் ஓரிடத்தில் துணியாகும், இன்னோரிடத்தில் சாயமேறும், வேறிடத்தில் வெட்டுவார்கள், மற்றோரிடத்தில் தைப்பார்கள். யூனிட் மாறும்போது சரக்கோடு போகும் சீட்டுதான் டி.சி. பிள்ளையின் முகமும் அப்படித்தான் கைமாறிப் போகும் என்று அவர் நினைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதெல்லாம் வேண்டாம். கடைசிவரை ஒரே டாக்டர் பார்ப்பதுதான் நல்லது” என்றேன்.

“உதட்டத் தச்ச டாக்டரும் அப்படித்தாம்மா சொன்னாவ” என்றாள் ரீட்டா. “அடுத்ததுக்குப் போனா வெளிநாடு போயிட்டாவன்னுட்டாவ. நீங்க இருப்பியளா?”

குத்திக்காட்டவில்லை, எத்தனை மணிக்கு வரணும் என்பதுபோலத்தான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு வந்து போவது எனக்குத்தான் வசதி. பேச்சுப் பழகும் பிள்ளைக்கு அது எப்படிப் போதும்?

“இருப்பேன்” என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது எனக்கே உறைத்தது. பயம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

டேபிள் ஆட்கள் அங்கேயே கூடிப் பேசினார்கள். வியாழக்கிழமை ஷிப்மென்ட் முடிகிறது, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். “ரீட்டா மெசின்ல நா உக்காந்துக்கறேனுங்க. நீ கொழந்தையப் பாரு கண்ணு” என்றார் கூட வந்த உள்ளூர் அம்மாள்.

மாலை. ரயில் கிளம்பியதும் அம்மாவைக் கூப்பிட்டு, சென்னை வேலைக்கு நாளைக்கு மறுப்புச் சொல்லப் போவதாகச் சொன்னேன்.

“அங்கே எத்தனை மாசம் இருக்கப்போறே?”

“பிள்ளைக்குப் பதினெட்டு வயசு ஆகட்டும்மா.”

“யார் பிள்ளைக்கு?”

ஈரோடு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பெருமூச்சு விட்டாள். “அப்ப வீடு பார்க்கணுமே. அங்கே தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் விடறாங்கன்னு கேட்டியா?” என்றாள்.