சேஸ் நம்பருக்குச் சந்தனம்

அக்காவைத் தூக்கும்போதெல்லாம், "மூட்டை வருது, ஓரம் போங்க!" என்று கீழ்பென்னாத்தூர் மண்டியில் மூட்டை தூக்குபவர்களைப் போலக் கத்துவேன். முதல் மாதம் அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். அது எனக்கு உறைக்க இன்னொரு மாதம் ஆனது. எனக்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி என்பார்கள் சொந்தக்காரர்கள். மற்ற உணர்ச்சிகளைப் பற்றி யாரும் பேசியதில்லை.

இங்கிலாந்தில் நர்ஸாக இருந்தவள். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போய் ஊர் திரும்பினாள். பின்னாலேயே கப்பலில் அவளுடைய கார் வந்தது. பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டையும் கையாலேயே இயக்கலாம். துறைமுகத்திலிருந்து அதை வெளியே எடுக்க மாதக்கணக்கில் அலைந்தோம். மைல் காட்டிய மீட்டரைக் கிலோமீட்டருக்கு மாற்றி, சோதனைச் சான்றிதழும் வாங்கியாயிற்று. பதிவு மட்டும்தான் பாக்கி. அது முடிந்தால் ஆட்டோவில் ஏற்றி இறக்க அவளை யாரும் தூக்க வேண்டாம்.

பதிவுக்கு முந்தின நாள் காருக்குப் பூஜை போட்டேன். "பேரு, நட்சத்திரம்?" என்றார் அர்ச்சகர். அக்காவின் பேரைச் சொல்லியிருக்கலாம். நான் பானெட்டைத் திறந்து, "இதான் சாமி பேரு" என்று வண்டியின் உடம்பிலேயே பொறித்திருந்த சேஸ் நம்பரைக் காட்டி, அதன்மேல் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸில், வாகன ஆய்வாளர் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காய்ந்த சந்தனத்தில் ஒரு எழுத்தும் பதியவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று வீட்டுச் சாவியால் சுரண்டினேன். சந்தனத்தோடு நம்பரில் இரண்டு இலக்கங்களும் சிதைந்தன.

"என்னங்க பண்றீங்க? நம்பரைச் சுரண்டினா திருட்டு வண்டின்னு ஆயிடும். இதை எப்படிப் பாஸ் பண்றது?"

"சந்தனத்தைத்தான் சார் சுரண்டினேன்..."

"அது எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியுமா?"

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமும் வரவில்லை.

சக்கர நாற்காலியிலிருந்து அவள்தான் பேசினாள். "சார், முன்கண்ணாடிக்கு உள்ளயும் அதே நம்பர் இருக்குது, பாருங்க."

பார்த்தோம். அங்கே நான் பசை போட்டு உட்கார வைத்த பிள்ளையார் இருந்தார். கை நீட்டிய ஆய்வாளர், கையை இழுத்துக்கொண்டார். "நீங்களே எடுங்க."

இழுத்தேன். வரவில்லை.

"நல்லா ஒட்டியிருக்கான் சார்" என்றாள் அக்கா. "இவன் உருப்படியா பண்ண ஒரே வேலை."

ஒருவழியாகப் பிள்ளையார் பெயர்ந்தார். துறைமுகக் காகிதத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார் ஆய்வாளர். சுரண்டியது நான்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு அக்காவிடம், "ஓட்டிக் காட்டுங்கம்மா" என்றார்.

நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, தானே நகர்ந்து சீட்டில் ஏறினாள். மைதானத்தில் ஒரு சுற்று வந்தாள். "போதும்மா" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மூன்றாவது சுற்று முடிந்து கார் நின்றதும், பழக்கத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, தூக்கக் கைகளை நீட்டினேன். ஒரு கையில் பிள்ளையார் இருந்தார்.

அக்கா என் கைகளையே பார்த்தாள்.

கைகளைக் கீழே இறக்கிக்கொண்டேன்.