பந்தலில் பழகிய மூச்சு

கொரோனா இரண்டாம் முறை வந்த அந்த மாதங்களை நினைத்தால், எல்லாமே பனி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால்தான் எனக்குத் தெரிகிறது. அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உறை, இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடி. நான் விட்ட மூச்சே ஆவியாகி அதில் படிந்துவிடும். வெளியே தேனி வெயில் கொளுத்த, உள்ளே நான் மட்டும் ஏதோ மேகத்துக்குள் நடமாடிக்கொண்டிருந்தேன்.

அப்படியொரு மதியம்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவள், தலைப்பிரசவம். கொரோனா உறுதியாகியிருந்தது. ஓயாத இருமல். வயிற்றுக்குள் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. உடனே அறுத்து எடுத்தாக வேண்டும்.

வெறும் வயிறுதானா என்று வாசலில் நின்ற மாமியாரிடம் கேட்டேன்.

“பச்சத் தண்ணி பல்லுல படலம்மா. இருமுறாளேன்னு இப்பத்தான் ஒரு செம்பு சுக்குக் காப்பி குடுத்தேன்.”

“ஒரு செம்பா! அப்புறம் என்ன வெறும் வயிறு?”

“அது மருந்துல்ல தாயி. சாப்பாடாவா குடுத்தேன்?”

வந்ததே எனக்குக் கோபம்! எங்கள் ஊரில் சுக்குக் காப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அது தெரிந்தும் கத்தினேன்.

முழு மயக்கம் கொடுத்தால் அந்தக் காப்பி மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம். ஏற்கெனவே நொந்த நுரையீரல். தொண்டையில் குழாய் விடும்போது கிருமியும் அறை முழுக்கப் பறக்கும். மிச்சமிருந்தது ஒரே வழி. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வது. ஊசி இறங்கும்போது அவள் இருமிக் குலுங்கிவிடக் கூடாது.

அவளோ மூச்சுக்கு மூச்சு இருமினாள். கண்ணாடியில் பனி. கையுறை விரலால் அவள் முதுகைத் தடவித் தடவித் தேடினேன். இரண்டு முறை ஊசியைக் கொண்டுபோய் இரண்டு முறையும் பின்வாங்கினேன். பயம்தான், வேறென்ன.

“ஆத்தா, கொஞ்ச நேரம் இருமாம இரு,” என்று கெஞ்சினேன்.

“எம்புட்டு நேரம்க்கா?”

“பத்து எண்ணுற வரைக்கும்.”

“அம்புட்டுத்தானா? பந்தல்ல பூச்சி மருந்தடிக்கையில அங்கன மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்போம். போடுங்க.”

அந்த முதுகு அசையாமல் நின்றது. அறையே சத்தமற்றுப் போனது. எனக்குத் தலைக்கு மேல் திராட்சைப் பந்தல் விரிந்தாற்போலிருந்தது. இலைகளுக்கு நடுவே பச்சை வெளிச்சம் ஒழுகியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏழில் ஊசி சரியான இடத்தைத் தொட்டது. மெல்ல மருந்தைச் செலுத்தினேன். பத்தைத் தாண்டியும் அவள் மூச்சு விடவில்லை.

சற்று நேரத்தில் குழந்தையை எடுத்தார்கள். அழவில்லை. நீலம் பாரித்த சின்ன உடம்பைச் செவிலி தேய்த்துக்கொண்டே இருந்தார். படுத்திருந்தவள் என் கையைப் பற்றினாள்.

“ஏங்க்கா, சத்தத்தையே காணோம்?”

நான் மறுபடி எண்ணத் தொடங்கினேன். பத்து தாண்டியது. இருபதும் தாண்டியது. ஐயோ, அவ்வளவு நீளமாக என் வாழ்நாளில் நான் எண்ணியதில்லை. பிறகு வீலென்று ஓர் அழுகை.

அப்போதுதான் கவனித்தேன், அவளும் மூச்சைப் பிடித்தபடியே கிடந்தாள்.

“விடு தாயி, மூச்ச விடு,” என்றேன்.

விட்டாள். அடக்கிவைத்திருந்த இருமல் அத்தனையும் வெடித்துக்கொண்டு வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள்.