மதாம் கொலெத்தும் இரண்டு இழுவைப் படகுகளும்

முதலில் கால்தான் கண்டுபிடித்தது.

கப்பலில் நாலு மாதம் வேலை செய்தால் பாதத்துக்கு அடியில் ஒரு மெல்லிய அதிர்வு பழகிவிடும். தூங்கும்போதும் இருக்கும். அன்று காலை துவைத்த டவல்களோடு எட்டாவது மாடியில் போய்க்கொண்டிருந்தேன். அந்த அதிர்வு நின்றது. பிறகு ஏசி. பிறகு விளக்கு...

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பி, சுற்றுலாக் கப்பல் ஒன்றில் ரூம் சுத்தம் செய்யும் வேலைக்குப் போயிருந்தேன். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் பிரெஞ்சு. அதையும் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ப்ளஸ் டூவில் மார்க் அள்ளலாம் என்று நம்மூரில் பாதிப் பேர் எடுப்பார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

கப்பல் அப்போது ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. கரன்ட் இல்லை என்றால் ப்ரொப்பல்லரும் சுற்றாது. வெளியே பேய்க்காற்று. அவ்வளவு பெரிய கப்பல் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது, அலைதடுப்புச் சுவரை நோக்கி. நம் பீச்சில் கொட்டியிருக்கிறார்களே, அதே மாதிரி கருங்கல் குவியல்.

அலாரம் அடித்தது. எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டோடு கூடும் இடத்துக்குப் போக வேண்டும். நானும் ஓடினேன். லிஃப்டைத் தாண்டும்போது உள்ளே யாரோ தட்டும் சத்தம். யாரது என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"செல்வியா?"

மதாம் கொலெத். என் பொறுப்பில் இருந்த ரூம்களில் ஒன்று அவருடையது. எண்பது வயது, சக்கர நாற்காலி, தனியாகப் பயணம். தினமும் காலையில் என் பிரெஞ்சில் மூன்று தப்பாவது பிடிப்பார். அதற்குப் பயந்தே அவர் ரூமைக் கடைசியாக வைத்துக்கொள்வேன்.

"நான்தான் மதாம்."

"ரொம்ப இருட்டா இருக்கு, செல்வி."

அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

அதற்குள் டார்ச்சும் லிஃப்ட் சாவியுமாகப் படியில் ஏறி வந்தான் ஏழுமலை. எங்கள் பக்கத்து மீனவ ஊரான பிள்ளைச்சாவடிக்காரன், இன்ஜின் ரூமில் வேலை.

"யக்கா, இன்னாக்கா இன்னும் இங்கியே நிக்கிற? அல்லாரும் போயாச்சு."

"உள்ள மதாம் மாட்டிக்கினாங்க ஏழுமலை."

அவன் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றிருந்தது. "இப்ப தொறக்கக் கூடாது. மேல போயி கையாலதான் எறக்கணும், நேரமாவும். நீ போயிடு."

"கப்பல் நின்னுடுமா?"

"நங்கூரம் போட்டும் இழுத்துக்கினே போவுது. கப்பல இழுக்குற டக்-போட்டு ரெண்டு வருது. அது வந்து புடிச்சாதான் உண்டு."

அவன் மேலே ஓடினான். நான் போகவில்லை. தைரியம் எல்லாம் இல்லை... அந்தக் குரலை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான். லிஃப்ட் கதவுப் பக்கத்திலேயே கார்ப்பெட்டில் உட்கார்ந்தேன். எதிரே பெரிய ஜன்னல்.

"என்ன தெரியுது? சொல்லு," என்றார் மதாம்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். சின்னப் படகு, ரொம்ப பலமான படகு, இரண்டு வருகிறது என்று. இழுவைப் படகுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லையே.

"ரெமோர்க்கர்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "படகு ஆண்பால். 'லா' போடாதே, 'லெ' போடு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒரு ரெமோர்க்கர் பின்பக்கம் போய்க் கயிறு வாங்கியது. கயிறு விறைத்து, தண்ணீரை உதறியது. இன்னொன்று செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச இடத்துக்குள் நுழைந்து, மூக்கை எங்கள் கப்பலில் முட்டுக்கொடுத்துத் தள்ள ஆரம்பித்தது. தோற்றால் முதலில் நசுங்குவது அதுதான்.

"கல்லு எவ்வளவு தூரம்?"

"ரொம்ப தூரம் மதாம். கவலைப்படாதீங்க."

மீன் பிடித்துக்கொண்டிருந்த யாரோ கல்மேல் போட்டுவிட்டு ஓடிய பக்கெட், அது நீல நிறம் என்பதுவரை எனக்குத் தெரிந்தது.

எவ்வளவு நேரமோ. அந்தப் பக்கெட் பெரிதாவது நின்றது. அப்படியே இருந்தது. அப்புறம், மெதுவாக, சின்னதாக ஆரம்பித்தது.

லிஃப்டும் சாண் சாணாக இறங்கியது. வியர்வையில் குளித்து ஓடிவந்த ஏழுமலை கதவைத் திறந்தான். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து நீ தப்பில்லாமச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் செல்வி. அதுவும் பொய்."

அந்த இரண்டு படகுகளும்தான் எங்களைக் கரைவரை கொண்டுபோய்ச் சேர்த்தன. பயணிகள் எல்லோரும் கைதட்டினார்கள். ஏழுமலை கம்பியில் சாய்ந்தபடி, "எங்க ஊரு மீன்புடி போட்டவிட கொஞ்சம் பெருசுதான்க்கா. இத்தாம் பெரிய கப்பல எப்டித் தள்ளுச்சு பாத்தியா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

சொன்ன இடத்துக்கு வரவில்லை என்று சூப்பர்வைசர் எனக்கு மெமோ கொடுத்தார். மதாம் கேப்டனுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். மெமோ காணாமல் போனது.

அப்புறம் வருஷக்கணக்கில் எனக்கும் எழுதினார். என் கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி, பதிலோடு வைத்து அனுப்புவார். மூன்று வருஷம் முன்பு கடிதம் அவர் மகளிடமிருந்து வந்தது. கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஏழுமலை இப்போது ஊரிலேயே போட் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அன்று வார்த்தை வார்த்தையாகத் தேடியவளுக்கு இப்போது பிரெஞ்சு தடுக்காமல் வருகிறது. எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள் என்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை.

எப்போதாவது மதாமின் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். சாதா ரூம்தான் புக் செய்திருப்பார்கள். நான் கடலைப் பார்த்தபடி இருக்கும் ரூமின் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மேனேஜர் கேட்டால், அது ஒன்றுதான் காலியாக இருந்தது என்று சொல்லிவிடுவேன்.