சைரன் அண்ணன் போட்ட டிக்

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தீயணைப்பு நிலையத்தில் எல்லோருக்கும் அவர் சைரன் அண்ணன். இருபத்திரண்டு வருஷம் வண்டியின் முன்சீட்டில், சைரனுக்குக் கீழேயே உட்கார்ந்து போனவர். வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். குரல் பெருத்ததற்குக் காரணம் காது மந்தம்தான் என்பதைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

முழங்கால் தேய்ந்து பெரிய ஏணி ஏற முடியாமல் போனபோது, வீடு வீடாகப் போகும் வேலையைக் கொடுத்தார்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் இலவசமாகப் புகை அலாரம் மாட்ட வேண்டும். அடுப்பை உரசிக்கொண்டு தொங்கும் திரைச்சீலையைக் கழற்றச் சொல்ல வேண்டும். ஒரே பிளக்கில் ஐந்து ஒயர் செருகியிருந்தால் கடிந்துகொள்ள வேண்டும். நிலையத்து இளசுகள் இதை உட்கார்ந்து தின்கிற வேலை என்று கிண்டலடித்தார்கள். அவருக்கோ அந்த வேலை உயிர். அத்தனை வருஷமும் எரிந்த வீடுகளையே பார்த்தவர், இப்போதுதான் எரியாத வீடுகளுக்குள் போய்த் தேநீர் குடிக்கிறார். காது விஷயம் வெளியே தெரிந்தால் மேஜை வேலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் அவருக்குப் பயம்.

பயப்படக் காரணம் இருந்தது. எதிரில் நின்று பேசினால் ஒருமாதிரி சமாளித்துவிடுவார். ஆனால் அலாரத்தின் கீச்சுச் சத்தம் அவர் காதுக்கு எட்டவே எட்டாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பட்டனை அழுத்தியதும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டால் அலாரம் அடிக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வராமலிருக்கத் தானும் முன்கூட்டியே முகத்தைச் சுளித்துக்கொள்வார். பிறகு தாளில் 'சத்தம் சரி' என்ற இடத்தில் டிக் போட்டுக் கையெழுத்திடுவார். மூன்று வருஷம் இந்த வண்டி ஓடியது.

தையல்கார அக்காவின் வீடு இரண்டாவது மாடியில். அறுபத்தாறு வயது. ஜன்னலோரம் மெஷின், சுவரெங்கும் மாட்டிய சட்டைகள், கழுத்தில் அளவு நாடா. அந்த வீட்டில் பேசுவது அண்ணனுக்குச் சுகமாக இருந்தது, ஏனென்றால் அக்காவும் அவரைப் போலவே ஓங்கிப் பேசினாள். ஏணியில் ஏறி அலாரத்தை மாட்டிப் பட்டனை அழுத்தினார். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். டிக் போட்டுவிட்டு, தேநீரையும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஐந்தாவது வாரம் நிலைய அதிகாரி அவரைக் கூப்பிட்டு அந்தத் தாளை முன்னால் வைத்தார். அக்கா பால் சட்டியை அடுப்பில் வைத்ததை மறந்து மெஷினில் மூழ்கிவிட்டாளாம். சட்டி கருகிப் புகை படிக்கட்டு வரை இறங்க, கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் அடுப்பை அணைத்திருக்கிறான். ஆளுக்குச் சேதமில்லை. அலாரம் மட்டும் அடிக்கவே இல்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்கண்ணே என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான்.

போய்க் கழற்றிப் பார்த்தார். பேட்டரி தீராமலிருக்க இடையில் சொருகி அனுப்பும் பிளாஸ்டிக் துண்டு அப்படியே இருந்தது. உருவ மறந்திருக்கிறார். அப்படியென்றால் அன்றைக்கு அலாரம் அடித்திருக்க வாய்ப்பே இல்லை.

"அக்கா, அன்னிக்கு இது சத்தமே போடல. நீங்க ஏன் காதைப் பொத்துனீங்க?"

அக்கா துணியில் இல்லாத நூலைப் பிய்த்தாள். காது போய் நாலு வருஷம் ஆயிற்று என்றாள். ஆட்களின் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறாள். மகளுக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்து தன்னோடு கூட்டிப்போய்விடுவாள். அங்கே மெஷின் போட இடம் கிடையாது.

"நீங்க முகத்தைச் சுளிச்சீங்க தம்பி. சத்தம் வருது போலன்னு நானும் பொத்திக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவரையே உற்றுப் பார்த்தாள். "ஆமா, சத்தமே வரலைன்னா நீங்க எதுக்குச் சுளிச்சீங்க?"

அவர் பிளாஸ்டிக் துண்டை உருவிவிட்டுப் பட்டனை அழுத்தினார், விரலை எடுக்கவில்லை. இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அறை அவர்களுக்கு அமைதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"போதும் நிறுத்துங்க, காது கிழியுது."

அக்காதான் முதலில் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார், ஆனால் அவருக்கு அழுகையும் கூடவே வந்தது. இந்த ஒரு வீட்டோடு போகிற விஷயமா இது? காது கேட்காத இன்னும் எத்தனை பேர் அவர் முகத்தைப் பார்த்துக் காதைப் பொத்தினார்களோ.

நிலையத்துக்குத் திரும்பியதும் நேராக அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது. மூணு வருஷமா மத்தவங்க மூஞ்சியப் பாத்துத்தான் டிக் போட்டேன்."

அதிகாரி கோபப்பட்டார், நியாயமாகவே. அவர் டிக் போட்ட வீடு மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கச் சொன்னார். காது நன்றாகக் கேட்கும் ஒருத்தி, புதிதாகச் சேர்ந்தவள், கூடவே போவாள். அண்ணன் மாட்டலாம், பேசலாம், ஆனால் டிக் போடக் கூடாது. காதுப் பரிசோதனைக்கும் அன்றே எழுதிக் கொடுத்தார். மேஜை வேலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் இன்னும் இரண்டு அலாரங்களில் பிளாஸ்டிக் துண்டு அப்படியே இருந்தது. அந்த இரண்டு வாசலிலும் அண்ணன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

தையல்கார அக்காவுக்கு வேறு அலாரம் வந்தது. புகை பட்டால் விளக்கு வெட்டி வெட்டி எரியும், தலையணைக்குக் கீழே வைக்கும் தட்டு அதிரும். மகளுக்கு அக்காவே போன் போட்டு, அவள் பதில் சொல்ல இடம் கொடுக்காமல், எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மகள் வந்து இரண்டு நாள் திட்டிவிட்டு, அந்த விளக்கைப் பார்த்த பிறகு அது கண்ணில் படும்படி மெஷினைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த அலாரத்தை மாட்டிய அன்றைக்கு அண்ணன் பட்டனை அழுத்தினார். பளீரென்று வெளிச்சம் வெட்டியது, சட்டைகளெல்லாம் ஒரு கணம் வெளுத்தன. அக்கா கண்ணைச் சிமிட்டினாள், அவரும் சிமிட்டினார். இந்த முறை இருவரும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட வந்தவள் தாளையும் பேனாவையும் அவரிடமே நீட்டினாள்.

"இதுக்கு நீங்களே டிக் போடுங்கண்ணே."